கேபிளை நிறுத்தினேன்

மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா?" என்று கத்திய தலைமுறை நான். ஓய்வு பெற்றபின் போன வருடம் மறுபடி மாடி ஏறினேன். கேபிளை நிறுத்திவிட்டு, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்தேன்.

குடைக்கும் பாக்ஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு முறை சுமார் 2000 ரூபாய். மாதச் சந்தா கிடையாது. கேபிளிலோ மாதாமாதம் இணைப்புக் கட்டணம். வரி தனி, கட்டணச் சேனல்கள் தனி. பென்ஷன்காரனுக்கு இது கணக்குதான்.

பாக்ஸில் ஒரு பென் டிரைவைச் செருகினால் பதிவும் செய்யலாம். டிடி பாரதியில் இரவு வரும் கச்சேரியைப் பதிந்து, காலையில் காபியோடு கேட்கிறேன். நேரம் என் கைக்கு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

மூன்றாம் நாள் மனைவி கேட்டாள்: "உங்களுக்குக் கச்சேரி கிடைச்சாச்சு. என் சீரியல்?"

அவள் பார்க்கும் சேனல் இதில் வராது. பக்கத்து வீட்டு மாமியோடு அவளுக்கு இருந்த பேச்சே அந்தக் கதைதான். சிக்கனம் என்று நான் வெட்டியது அவளுடைய பொழுதை. இப்போதெல்லாம் சீரியல் நேரத்துக்கு அங்கேயே போய்விடுகிறாள். சாயங்காலம் வீட்டில் நான் மட்டும்.

ஃப்ரீ டிஷ் நல்ல ஏற்பாடு, தாராளமாக வையுங்கள். ஆனால் குடை வாங்குமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் கேபிளும் திரும்ப வருகிறது, அவளுடைய சேனலுக்காக.