கழித்தல் குறியைப் பாருங்கோ

“கிட் எல்லாம் அறிவியல்நகர் பொறியியல் பீடத்து ஆக்களின்ர வேலை. கலைப்பீடத்துக்கு அது எதுக்கு?” எண்டு கேட்கிற நண்பர்களே, உங்களோடதான் சண்டை.

2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் நிரலை எழுதுவோருக்காக உருவாக்கியது கிட். அதில் பதியப்படும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கொமிட். ‘கிட் லொக்’ எண்டு அடித்தால் கொமிட்டுகள் வரிசையாக வரும். ஒன்றின் அடையாள எண்ணை எடுத்து ‘கிட் ஷோ’வோடு சேர்த்து அடித்தால், யார், எப்போது, என்ன குறிப்போடு மாற்றினார் என்பது தெரியும். அதற்குக் கீழேதான் விசயமே இருக்கு: நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. குறிப்பில் ‘சின்னத் திருத்தம்’ எண்டு ஆரும் எழுதலாம். கழித்தல் குறி பொய் சொல்லாது.

இப்ப சட்டத்துக்கு வாருங்கோ. ஒவ்வொரு திருத்தச் சட்டமும் ஒரு கொமிட்தான். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயர் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். மூன்று வருடம்தான் நடைமுறையில் இருக்கும் என்று அதற்குள்ளேயே எழுதியிருந்தது. 1982 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தம் அந்தக் காலவரையறையைத் தூக்கிவிட்டது. தலைப்பில் ‘தற்காலிக’ மட்டும் அப்படியே மிஞ்சியது. அந்தத் ‘தற்காலிக’ச் சட்டத்தின் கீழ்தான் வன்னிப் பிள்ளைகள் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். கடைசிப் பிரதியை மட்டும் வாசிக்கிறவருக்கு அந்த மூன்று வருடம் கண்ணில் படாது. இல்லாத வரியை எப்பிடி வாசிக்கிறது?

2022 இன் 12 ஆம் இலக்கத் திருத்தத்தைச் சீர்திருத்தம் எண்டு சொன்னார்கள். தடுப்புக் கட்டளையில் வைத்திருக்கக்கூடிய உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது, சரி. கழித்தல் குறி எங்கே விழவில்லை என்பதையும் பாருங்கோ. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்ட அதிகாரியிடமோ கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் 16 ஆம் பிரிவு அசையவில்லை.

“சட்டமெல்லாம் இணையத்தில கிடக்குத்தானே?” கிடக்கு. ஆனால் திருத்தச் சட்டம் ‘இந்தப் பிரிவில் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்’ என்றுதான் பேசும். பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்து, விரலால் தேடிப் பிடிக்க வேணும். அந்தப் பொறுமை வழக்கறிஞருக்கு இருக்கும். பிள்ளையைத் தேடி அலையிற தாய்க்கு எப்பிடி வரும்? ஜேர்மனியில் 2012 இல் ஆர்வலர்கள் தங்கள் கூட்டாட்சிச் சட்டங்களைக் கிட்டில் ஏற்றிக் காட்டினார்கள். எங்களுக்கு என்ன தடை?

1979 மூலச் சட்டம், பிறகு 1982, 1988, 2022 திருத்தங்கள். மொத்தம் நாலே நாலு கொமிட். தமிழில் ஏற்ற ஒரு வார இறுதி காணும். கட்டளைகளை அறிவியல்நகர்க்காரர் சொல்லித் தரட்டும்; வரிகளை வாசித்து விளக்க வேண்டியது நாங்கள். நாளைக்குப் புதுப் பெயரோடு இன்னொரு சட்டமூலம் வந்தாலும், பெயரைப் பற்றி விவாதிக்க முதல் ஒரு கேள்வி கேட்போம்: எந்த வரி போனது, எந்த வரி நிக்குது?