ஜின்னுக்கு வரி குறையுது... டானிக்குக்கு?

'ஃபாரின் ஜின் பாதி விலைக்கு வரப்போகுதாமே?' 2025 ஜூலை 24-ல் இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்தே இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பாதியாகப்போவது சுங்க வரிதான், விலை இல்லை. ஒப்பந்தப்படி பிரிட்டன் விஸ்கி, ஜின் மீதான 150 சதவிகித வரி முதலில் 75 ஆகும்; பத்தாவது ஆண்டில் 40-க்கு இறங்கும்.

வீட்டில் ஜின் அண்ட் டானிக் கலக்குபவருக்கு இதில் என்ன லாபம்? ஒரு கணக்குக்கு, துறைமுகத்தில் இறங்கும்போது 1,000 ரூபாய் மதிப்புள்ள 750 மி.லி பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 150 சதவிகித வரியோடு அது 2,500 ரூபாய். 75 சதவிகிதம் என்றால் 1,750. மிச்சம் 750 ரூபாய். கிளாஸுக்கு 60 மி.லி வீதம் ஊற்றினால், ஒரு கிளாஸுக்கு 60 ரூபாய் குறையும். அதற்குமேல் மாநில வரிகளும் கடைக்காரர் லாபமும் ஏறும். மது ஜி.எஸ்.டி-க்குள் வராது என்பதால், மாநிலத்துக்கு மாநிலம் விலை மாறும்.

சரி, கிளாஸுக்குள் இருப்பது என்ன? 60 மி.லி ஜின்னுக்கு 150 மி.லி டானிக். அதாவது, ஏறக்குறைய முக்கால் பங்கு டானிக்தான்! சர்க்கரை சேர்த்த கார்பனேட்டட் பானம் என்பதால், அதற்கு 40 சதவிகித ஜி.எஸ்.டி. இதை யாரும் பேசுவதே இல்லை.

டானிக்குக்குப் பதில் சோடா ஊத்தினா, அது வேற சரக்கு. டானிக்கின் கசப்பு, சின்கோனா மரப்பட்டையில் கிடைக்கும் குயினைனால் வருவது. மலேரியா மருந்துக்காக 1860-களில் பிரிட்டிஷார் நீலகிரியில் அந்த மரத்தை நட்டார்கள். நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையே நடந்தது. இப்போதைய டானிக்கில் இருப்பது ருசிக்கான அளவுதான், மருந்துக்கு ஆகாது.

உயரமான கிளாஸில் விளிம்பு வரை ஐஸ். கஞ்சத்தனம் பண்ணினா சீக்கிரம் உருகி, தண்ணியாகிடும். ஜின், பிறகு அப்போது திறந்த ஜில்லுனு இருக்கும் டானிக். ஒரே ஒரு கலக்கு, ஒரு துண்டு எலுமிச்சை. அவ்வளவுதான்.

இதற்கு பிரிட்டன் பாட்டில்தான் வேண்டுமென்பதில்லை. விஸ்கி மாதிரி ஜின்னைப் பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறப்போட வேண்டாம். அதனால்தான், 2017-க்குப் பிறகு கோவாவிலிருந்து ஹபுசா, ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் என்று வரிசையாக வந்தன. ஹபுசாவில் இமயமலை ஜூனிபர்! அந்த 150 சதவிகிதம்தான் இதுவரை இவர்களுக்கு வேலி. அது தாழும்போது, இவர்களும் லண்டன் பாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே விலையில் மோத வேண்டியிருக்கும்.