அணைந்த விளக்கு, தீராத பழுது

கனரக லாரியின் முகப்புப் பலகையில் எரியும் ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கை அணைக்க இரண்டு வழிகள் உண்டு. பழுதைக் கண்டறிந்து நீக்குவது ஒன்று; விளக்கையே கழற்றிவிடுவது மற்றொன்று. இரண்டாவதற்குச் செலவே இல்லை. வண்டி வழக்கம்போல் ஓடும், பிரேக்கும் வழக்கம்போல் பிடிக்கும். கொல்கத்தாவின் கார்டன் ரீச் போன்ற துறைமுகப் பகுதியில் அந்த 'வழக்கம்போல்' என்ற சொல்தான் ஆபத்தானது.

கிதர்பூர், நேதாஜி சுபாஷ் கப்பல்துறைகளை ஒட்டிய இந்தச் சாலைகளில் கண்டெய்னர் வண்டிகள் ஓயாமல் நகர்கின்றன. நேபாளத்துக்குச் செல்லும் சரக்கும் இவற்றில் அடக்கம். பெருமழையும் ஹூக்ளியின் ஓதமும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் வெள்ளம் வடிய வழியில்லை. அச்சு நனைய நீரில் ஊர்ந்து வந்த வண்டி, சரக்கை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லருடன் ஈரச் சாலையில் திரும்புகிறது. பாரமற்ற சக்கரமே பிரேக் அழுத்தத்தில் முதலில் பூட்டிக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஏ.பி.எஸ். பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கரத்தின் வேகம் தெரியாவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தச் சக்கரத்தைக் காக்கும் வேலையைக் கைவிட்டுவிடும். இதை ஓட்டுநர் அன்றாட ஓட்டத்தில் உணரவே முடியாது.

இந்தியாவில் கனரக லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2015இல். அந்த முதல் தலைமுறை வண்டிகள் பத்து வயதைக் கடந்துவிட்டன. உணரிகளும் அவற்றின் வயர்களும் மூப்படையும் காலம் இது.

சக்கர வேக உணரி எளிமையான கருவி. ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள், எதிரே சக்கரத்தோடு சுழலும் பல்வளையம். லாரிகளில் அந்த வளையத்துக்குப் பொதுவாக நூறு பற்கள். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் சிறு மாறுமின்னழுத்தம் எழுகிறது. சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் உருளுமானால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட துடிப்புகள். வண்டியின் 'அறிவு' முழுவதும் இந்த எண்ணிக்கைதான்.

பழுது வந்தால் ஸ்கேனர் 'வலது முன்சக்கரம், சமிக்ஞை இல்லை' என்று காட்டும். இங்கேதான் பெரும்பிழை நிகழ்கிறது. அந்தக் குறியீடு ஒரு சாட்சியின் வாக்குமூலம் மட்டுமே, தீர்ப்பன்று. சமிக்ஞை வந்து சேரவில்லை என்று அது சொல்கிறதே தவிர, உணரி செத்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆயினும் பட்டறைகள் பல, உடனே புதிய உணரியை வாங்கி மாட்டுகின்றன. விளக்கு மறுபடி எரிந்தால் 'பழைய வண்டி அப்படித்தான்' என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றன. அளவுகோலைச் சோதிக்காமல் தரவைக் குறை கூறும் ஆய்வு மாணவருக்கும் இந்தப் பட்டறைக்கும் அதிக தூரமில்லை.

முறையான தேடல் பிளக்கைக் கழற்றுவதிலிருந்து தொடங்குகிறது. மல்டிமீட்டரில் சுருளின் மின்தடை ஆயிரத்துச் சொச்சம் ஓம் காட்டினால் சுருள் பிழைத்திருக்கிறது. முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. அளந்துகொண்டிருக்கும்போதே வயரை அசைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டீரிங்கோடு திரும்பித் திரும்பி உள்ளே நைந்த வயர், அசையாத நிலையில் நல்ல பிள்ளையாக நடிக்கும். அடுத்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மீட்டரை மாறுமின்னழுத்தத்துக்கு மாற்றி, இரண்டு நொடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுழற்ற வேண்டும். 0.2 வோல்ட் அளவுக்காவது எழாவிட்டால் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூள், வளையத்தின் அடியில் ஊறிய துரு, தளர்ந்த பேரிங் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம்.

எளிதில் மறக்கப்படும் காரணம் ஒன்றுண்டு. பிரேக் வேலைக்காக ஹப்பைக் கழற்றி மாட்டும்போது உணரி பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். லாரிகளில் அது ஒரு சுருள்பட்டைக் குழலுக்குள் இறுக்கமாக நிற்கிறது. வளையத்தைத் தொடும்வரை விரலால் அழுத்திவிட்டால் போதும். உடைந்த பாகம் எதுவுமே இல்லாத பழுது அது. இதைச் சரிசெய்த பின்னும், வண்டி சிறிது வேகம் எடுத்து ஓடினால்தான் விளக்கு அணையும். நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டு 'சரியாகவில்லை' என்று முடிவு செய்தவர்கள், தீர்ந்த பழுதுக்காகப் புதிய உணரி வாங்குகிறார்கள். (இப்போதைய கார்களில் பெரும்பாலும் மின்னூட்டம் பெற்று இயங்கும் வேறு வகை உணரி இருக்கிறது. அதில் மின்தடையை அளப்பது பயனற்றது, சில வேளைகளில் கேடும் கூட.)

கொல்கத்தாவின் மெக்கானிக்குகளுக்குத் திறன் இல்லை என்பதல்ல இங்கே வாதம். அம்பாசடரின் எஞ்சினைக் காதால் கேட்டே நோயறிந்த மரபு அவர்களுடையது. ஆனால் அம்பாசடரில் ஏ.பி.எஸ். இல்லை, 2014இல் உத்தரபாராவில் உற்பத்தி நின்றவரை அந்தத் தலைமுறைக்கு இதைக் கற்கும் தேவையும் எழவில்லை. காதுக்குக் கேட்காத பழுது இது. கற்பிக்க வேண்டியவர்கள் கற்பிக்கவில்லை.

இதே கார்டன் ரீச்சில்தான் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் இருக்கிறது. எல்.எச்.பி. ரயில் பெட்டிகளின் ஒவ்வோர் அச்சிலும் இதே கோட்பாட்டில் ஒரு பல்வளையமும் ஒரு வேக உணரியும் உண்டு. சக்கரம் வழுக்கித் தேயாமல் காப்பது அவற்றின் பணி. அங்கே அந்த இடைவெளியை அளப்பது பராமரிப்பு அட்டவணையின் ஒரு வரி. சாலையில் அது ஒரு தனிமனிதனின் மனச்சாட்சி. ஒரே இயற்பியலுக்கு இரண்டு நீதி.

கொல்கத்தா பெருநகரில் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களை விலக்கிய உயர் நீதிமன்றத்தின் 2008 உத்தரவு காற்று மாசைக் கருதியது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வயதை எண்ணிவிட்டாலே பாதுகாப்பை அளந்துவிட்டதாகக் கருதும் பழக்கம் அதன் நிழலில் வளர்ந்திருக்கிறது. ஏ.பி.எஸ்.ஸோடு பிறந்த லாரிகளுள் மூத்தவை பதினைந்தை எட்டுவது 2030இல். அதுவரை அவை ஓடத்தான் போகின்றன. எட்டு ஆண்டுகள் கடந்த வணிக வாகனத்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். அந்தச் சோதனையில் உருளைமீது பிரேக் விசையை அளப்பது மிகக் குறைந்த வேகத்தில் நடப்பதால், உணரியைப் பற்றி அது எதையும் சொல்லாது. சாவியைத் திருப்பும்போது விளக்கு முதலில் எரிகிறதா, ஓடத் தொடங்கியதும் அணைகிறதா என்ற இரு கேள்விகளைச் சோதனைப் படிவத்தில் சேர்த்து, நான்கு சக்கரங்களின் வேக எண்களை ஸ்கேனரில் ஒரு முறை படித்தால் ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் ஆகும். முதல் கேள்வி முக்கியமானது: கழற்றப்பட்ட விளக்கு எரியாது.