பூசிய சுவரின் மேல் பூசாத சுவர்

பேத்துப்பாறையில் நண்பர் ஒருவர் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழமையுள்ள சிறிய வீடொன்றை வாங்கிச் செப்பனிட்டு வருகிறார். சென்ற மாதம் மூன்று நாட்கள் அங்கே தங்கியிருந்தேன். அவற்றில் இரண்டு நாட்கள் மழையும் பனிமூட்டமுமாகவே கழிந்ததால், உள்ளே உட்கார்ந்து சுவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. கூடத்தின் மூலையில் நான்கு அட்டைப்பெட்டிகள் இருந்தன. திறந்து பார்த்தால் செங்கல். முழுச் செங்கல் அல்ல, செங்கல்லின் முகம் மட்டும்: அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான கனத்தில் சீவியெடுத்த பட்டைகள். கடைக்காரர் இதைப் ‘பிரிக் கிளாடிங்’ என்பார், கொத்தனார் ‘செங்கல் டைல்ஸ்’ என்பார். ஹாலோ பிளாக்கில் கட்டி, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, வண்ணமும் அடித்து முடித்த கூடத்துச் சுவரின் மேல் இவற்றை ஒட்டி, பூசாத செங்கற்சுவர் போலத் தோன்றச் செய்வது நண்பரின் திட்டம்.

“குறைந்த செலவில் ஒரு லாரி பேக்கர் வீடு” என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. அன்றிரவு கணப்பின் முன்னால் தொடங்கிய சண்டையின் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பேக்கரின் பெயரை முதலில் இதிலிருந்து விடுவித்தாக வேண்டும். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அந்த மனிதர் செங்கல்லைப் பூசாமல் விட்டது அழகுக்காக மட்டும் அல்ல. முதன்மையாக அது ஒரு சிக்கனக் கணக்கு. நன்றாகச் சுட்ட செங்கல்லை நேராக அடுக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்துவிட்டால், அதன் மேல் சிமெண்ட் எதற்கு, பட்டி எதற்கு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் எதற்கு என்று கேட்டார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டைப் பரவலாக்கினார். அதில் செங்கல் மட்டுமே ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் குளிரையும் தடுக்கிறது. திருவனந்தபுரம் உள்ளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தையோ, தம்பானூரில் சுருளாக ஏறிச்செல்லும் இந்தியன் காபி ஹவுஸையோ பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே நீங்கள் காண்பது எதையும் சேர்த்ததால் வந்த தோற்றம் அல்ல. ஒன்றைச் செய்யாமல் விட்டதால் வந்த தோற்றம்.

நண்பரின் கூடத்துக்கு வருவோம். சுவர் இருக்கிறது. பூச்சு இருக்கிறது. இப்போது வண்ணத்தைச் சுரண்ட வேண்டும். பிடிமானத்துக்காகப் பூச்சைக் கொத்த வேண்டும். பிறகு பாலிமர் கலந்த பசை, அதன் மேல் பட்டை, பட்டைகளுக்கு நடுவே மருதாணிக் கூம்பு போன்ற பையால் பிழிந்து நிரப்பும் சாந்து, எல்லாவற்றுக்கும் மேல் தூசு படியாதிருக்க ஒரு திரவப் பூச்சு. பேக்கர் மூன்று வேலைகளைக் கழித்துப் பெற்றதை, இவர் ஐந்து வேலைகளைக் கூட்டிப் பெறுகிறார். பெயர் மட்டும் இரண்டுக்கும் ‘குறைந்த செலவு’. எதோடு ஒப்பிட்டால் குறைவு என்று கேட்டேன். புதிதாக ஒரு செங்கற்சுவர் எழுப்புவதோடு ஒப்பிட்டால் என்றார். சுவர்தான் ஏற்கனவே இருக்கிறதே ஐயா! இருக்கிற சுவருக்கு எதிரில் வைக்க வேண்டிய தொகை சுண்ணாம்புக்கும் தூரிகைக்கும் ஆகிற செலவுதானே?

அவர் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. நூறு சதுர அடிச் சுவரை நாலரை அங்குலக் கனத்தில் முழுச் செங்கல்லால் எழுப்ப ஏறத்தாழ 450 கல் வேண்டும். கல் ஒன்று மூன்று கிலோ என்றால் 1350 கிலோ, சாந்து தனி. அவ்வளவும் சமவெளிச் சூளையிலிருந்து மலைச்சாலையின் வளைவுகளில் லாரி ஏறி வரவேண்டும். அதே பரப்புக்குப் பட்டைகள் 200 கிலோவுக்குள் அடங்கிவிடும். தரையின் மேல் கூடுதல் பாரம் இல்லை. அறையின் அகலமும் ஓர் அங்குலத்துக்கு மேல் குறையாது. பெயிண்ட் கம்பெனிக்கு ஆயுள் சந்தா கட்டுவதும் மிச்சம் என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை ஓடு ஒட்டுவதற்கான நியாயங்கள். பொய் சொல்வதற்கானவை அல்ல.

பொய் என்ற சொல் மிகை என்று தோன்றுகிறவர்கள் ஒரு கிராமத் தெருவில் நடந்து பார்க்கலாம். நம் ஊர்களில் பூசாத செங்கற்சுவருக்கு ஒரே பொருள்தான்: காசு தீர்ந்துவிட்டது. தொகுப்பு வீட்டுக்கு வந்த பணம் கூரை மட்டத்தோடு நின்றிருக்கும். மகளின் கல்யாணம் குறுக்கே வந்திருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு வருகிற மாமா சாப்பிட்டுக் கைகழுவுவதற்குள் “பூச்சு வேலை எப்ப மாப்ள?” என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்குக் கூசிக் கூசியே பத்து வருடம் கழித்து வட்டிக்கு வாங்கிப் பூசுகிறவர்களை எனக்குத் தெரியும். பேத்துப்பாறையிலும் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் இப்படிச் சில இருக்கின்றன. அவற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், சுற்றுலாப் பயணிகளுக்கான குடில்களில், வழவழவென்று பூசிய சுவரின் மேல் அந்த இல்லாமையின் தோற்றத்தை விலைகொடுத்து வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு வெட்கமாக இருப்பது இன்னொருவருக்கு அலங்காரம். குடிலில் ஒட்டுகிற கொத்தனாரே மாலையில் பூசாத சுவருள்ள வீட்டுக்குத்தான் திரும்புகிறார் என்பதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. நண்பரின் கொத்தனார் அவர்தான். “எங்க வீட்ல ஒரிஜினலே இருக்கு சார், வந்து பாருங்க” என்று சிரித்தார்.

இந்த ருசி எங்கிருந்து வந்தது என்பதும் ஊரறிந்த கதைதான். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 1960களில், கைவிடப்பட்ட தொழிற்கூடங்களின் மாடிகளில் வேறு போக்கிடம் இல்லாத ஓவியர்கள் குடியேறினார்கள். அங்கே செங்கல் வெளியே தெரிந்ததற்குக் காரணம், அவை தொழிற்கூடங்களாக இருந்தன என்பதுதான். பிறகு பணக்காரர்கள் வந்தார்கள், ஓவியர்கள் போனார்கள், செங்கல் தங்கிவிட்டது. அங்கிருந்து உலகத்தின் எல்லாக் காப்பிக் கடைகளுக்கும் பரவி, இப்போது நம் மலைக்கும் ஏறியிருக்கிறது.

நண்பர் இலக்கியவாதி, எளிதில் விடுவாரா? மாமல்லபுரத்து ரதங்களை இழுத்துவந்தார். மரத்திலும் கூரையிலும் இருந்த வடிவங்களைத்தானே பல்லவச் சிற்பி ஏழாம் நூற்றாண்டில் கல்லில் செய்துவைத்தான், திரௌபதி ரதம் ஒரு குடிசையின் நகல்தானே, அதைப் பொய் என்பாயா என்றார். நல்ல கேள்வி. ஆனால் திரௌபதி ரதத்தைப் பார்த்து வைக்கோல் என்று ஏமாந்தவர் எவரும் இல்லை. மெலிந்த ஒன்றை வலிய ஒன்றில், கூடுதல் உழைப்பில், பாறையின் கடைசித் துகள் வரை கல்லாகவே செய்தது அது. இங்கே நடப்பது நேர் எதிரானது. கனத்தை நடிக்கிற மெல்லிய தோல் இது.

ரோமானியர்களும் கான்கிரீட் சுவருக்குச் செங்கல் முகம் வைத்தார்கள் என்பது அடுத்த அம்பு. வைத்தார்கள்தான், பாந்தியன் கோயில் உட்பட. ஆனால் அவர்கள் முகப்புக்குப் பயன்படுத்தியவற்றில் பெரும்பாலானவை முக்கோணமாக வெட்டிய கற்கள். கூர்முனை உள்ளே கான்கிரீட்டுக்குள் பல்லாகப் பதியும். சுவர் எழும்பும்போது கலவையைத் தாங்கி நின்றதும் அந்தக் கற்களே. அந்த முகம் வேலை செய்தது. நண்பரின் பட்டை, பசை விட்டால் விழும். கொடைக்கானல் மலையில் ஐப்பசி கார்த்திகையில் சுவர் எவ்வளவு ஈரம் குடிக்கும் என்பது அங்கே ஒரு மழைக்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒட்டிய பட்டையின் உறுதி அடியில் இருக்கும் பூச்சின் உறுதிக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் போகாது. பூச்சு உப்புப் பூத்து ஊதினால் பட்டையும் கூடவே கழன்று வரும்.

ஜான் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ நூலில் இதற்கு ஒரு நுட்பமான அளவுகோல் வைத்திருக்கிறார். செங்கல்லின் மேல் பூச்சுப் பூசி அதில் ஓவியம் தீட்டினால் அது பொய் இல்லை. அதே பூச்சில் கோடு கிழித்து இது கருங்கல் என்று காட்டினால் பொய். அதாவது மூடுவது குற்றம் அல்ல, மூடியதை வேறொன்றாக நடிக்கவைப்பதுதான் குற்றம். நமக்கு இது அன்னியமான சிந்தனையும் அல்ல. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த செட்டிநாட்டுப் பூச்சு, பளிங்கைப் போல மின்னினாலும் பூச்சாகவே பெருமைப்படுகிறது. சுவரை ஆடை உடுத்திப் பார்ப்பதுதான் நம் மரபின் அழகுணர்வாக இருந்திருக்கிறது. நிர்வாணமாக விடுவது இடையில் வந்தது. அதிலும் இது நிர்வாணத்தை அச்சடித்த ஆடை.

நண்பர் கவனிக்க மறந்தது இன்னொன்று. பேக்கர் மலையில் என்ன செய்தார்? இமயமலையின் பித்தோராகட் பகுதியில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்; 1963இல்தான் கேரளத்தின் வாகமண்ணுக்கு இறங்கி வந்தார். அந்த மலையில் அவர் செங்கல்லைச் சுமந்து ஏறவில்லை. அங்கே ஊரார் எதில் கட்டினார்களோ அந்தக் கல்லிலும் மரத்திலும் கட்டினார். வீட்டுக்கான பொருட்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதாகப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பேத்துப்பாறையிலிருந்து ஐந்து மைலுக்கு ஒரு வட்டம் போட்டால் அதற்குள் அகப்படுவது பாறையும் மண்ணும் மரமும்தான். பழனி மலைத்தொடர் நெடுகிலும் பெருங்கற்காலத்தவர் பலகைக்கற்களை நிறுத்தி மூடுகல் வைத்த கல்திட்டைகள் நிற்கின்றன. அவற்றைப் பற்றி ஆங்கிலேட் பாதிரியாரும் நியூட்டனும் எழுதிய நூலை 1928இல் தொல்லியல் துறை வெளியிட்டது. இதற்காக மலையை உடைத்துக் கல் எடுக்கச் சொல்கிறேன் என்று யாரும் எழுதவேண்டாம், உடைத்தது போதும். செங்கல் இந்த மண்ணின் ஞாபகம் அல்ல, அவ்வளவுதான். ‘மலைக்கிராமத் தோற்றம்’ என்று குடில்காரர்கள் விற்பது உண்மையில் தொழிற்கூடத் தோற்றம்.

சரி, பெட்டிகளை வாங்கியாயிற்று, கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். என்ன செய்வது? ஒட்டலாம் என்பதே என் கட்சி. ஆனால் ஓடாக ஒட்ட வேண்டும். மெய்யான சுவரில் மேல்வரியின் கல் கீழ்வரியின் மூட்டை மூடி உட்காரும். பாரம் அப்படித்தான் பரவும். பட்டைகளையும் அதே போல் மாற்றி மாற்றி ஒட்டுவதில்தான் நடிப்பு தொடங்குகிறது. அந்த நடிப்பும் அரைகுறையாகவே முடிகிறது. மூலையில் அரையங்குலக் கனம் பல்லைக் காட்டும். சன்னலுக்கு மேலே வளைவும் இல்லாமல் லிண்டலும் தெரியாமல் ஒரு வரிச் செங்கல் அந்தரத்தில் மிதக்கும். மிதக்கிற அந்த வரியை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கண் அங்கேயே போகும். எனவே கல்லுக்கு நேர்மேலே கல்லாக, மூட்டுகள் தரையிலிருந்து ஒரே கோடாக ஏறும்படி ஒட்டுங்கள். சுவர் தாங்க வேண்டும் என்று நினைக்கிற எந்தக் கொத்தனாரும் அப்படிக் கட்டமாட்டார். ஆகவே பார்த்த மாத்திரத்தில் அது சுடுமண் ஓடு என்று தெரிந்துவிடும். நிறமும் சொரசொரப்பும் அப்படியே கிடைக்கும், யாரும் ஏமாறவும் மாட்டார்கள். கணப்பைச் சுற்றி மட்டும் ஒட்டிவிட்டு மற்றதற்குச் சுண்ணாம்பு அடித்தால் இரண்டு பெட்டியே போதும்.

நண்பர் இன்னும் இணங்கவில்லை. மூட்டுகள் நேர்கோட்டில் ஏறினால் குளியலறை போல இருக்கும் என்கிறார். கொத்தனாரோ மாசி பிறந்து சுவரின் ஈரம் காய்ந்தால்தான் பசை பிடிக்கும் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.