காற்றாலைக் கல்வியும் கைப்பழக்கமும்

ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே பாய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று முப்பந்தல் வெளியிலுள்ள காற்றாலைகளை இராப்பகலாகச் சுழற்றுவதைக் கண்டவர்கள், இந்த யந்திரங்களைப் பார்த்தே வளரும் நம் மாணாக்கர் அவற்றின் இயல்பை மற்ற எவரினும் நன்கு அறிந்திருப்பர் என்றே எண்ணுவார்கள். 1986-ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி, இன்று மாநிலம் முழுவதும் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிறுவுதிறனாகப் பெருகியிருக்கிறது. ஆனால் பொறியியல் பட்டம் பெற்று வெளிவருவோருள் எத்தனை பேர் ஒரு காற்றாலையின் இறக்கையைத் தொட்டு, அதன் வளைவை அளந்து, காற்றில் நிறுத்தி, அது தரும் சக்தியைத் தாமே கணக்கிட்டிருக்கிறார்கள் என்று கேட்டால், கிடைக்கும் விடை மனநிறைவு தருவதாயில்லை. பலருக்குக் காற்றாலை என்பது கரும்பலகையில் வரையப்பட்ட ஒரு படமும், பரீட்சைக்காக மனனம் செய்த ஒரு சூத்திரமுமே ஆகும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும் என்று அந்தச் சூத்திரம் சொல்கிறது. அது உண்மையே, ஆயினும் அவ்வுண்மையின் பாரம், வேகமானியைத் தன் கையாலேயே கோபுரத்தில் பொருத்திப் பார்த்தவனுக்குத்தான் புலனாகும். வேகத்தை அளப்பதில் நூற்றுக்கு 10 பங்கு மிகையாகப் பிழைத்தால், சக்தியின் கணக்கில் ஏறத்தாழ 33 பங்கு மிகைபடும். கோபுரத்தின் மறைவில், காற்று கலங்கும் இடத்தில் கருவியை வைத்துவிட்டாலோ, அந்தப் பிழை எவர் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் பதிவாகிக்கொண்டே இருக்கும். அதை நம்பிப் பெரும் பொருளை முதலிட்டவர், காற்றாலை நிமிர்ந்து சில ஆண்டுகள் சென்ற பிறகே கணக்கு பொய்த்ததை அறிவார்.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கற்பிக்க விசேஷ சாமக்கிரியைகள் மிகுதியாக வேண்டியதில்லை. மிதமான அளவுள்ள ஒரு காற்றுச்சுரங்கம், மாணாக்கர் தாமே மரத்திலோ நார்க்கண்ணாடியிலோ செய்த சிறு இறக்கைகள், ஒரு சிறிய ஜெனரேட்டர், சுழற்சியையும் முறுக்குவிசையையும் அளக்கும் கருவிகள் ஆகிய இவை இருந்தால் போதும். சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போகும் மாணவன், இறக்கை நுனியின் வேகம் காற்றின் வேகத்துக்கு ஒரு குறிப்பிட்ட மடங்காக இருக்கையில் மட்டுமே சக்தி உச்சம் எய்துவதையும், அதற்கப்பால் சுமையை ஏற்ற ஏற்ற இறக்கை தளர்ந்து நிற்பதையும் பிரத்தியட்சமாகக் காண்கிறான். சுமையைச் சட்டென்று அறுத்துவிட்டால் அந்தச் சிறு யந்திரம் கட்டு மீறிச் சுழலும் ஓசையைத் தடுப்புக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டவனுக்கு, பிரேக் எதற்கு, இறக்கையைத் திருப்பும் அமைப்பு எதற்கு என்று வேறொருவர் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்து அவன் காணும் விளைவு பெரும்பாலும் ஏமாற்றமளிப்பதாகவே இருக்கும். காற்றிலுள்ள சக்தியில் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எந்த இறக்கையாலும் கவர முடியாது என்பது ஜெர்மானிய அறிஞர் பெட்ஸ் நிறுவிய வரம்பு. பெரிய காற்றாலைகள் 40 பங்குக்கு மேலும் எட்டுகின்றன. மாணவனின் சிறு இறக்கையோ அதிற் பாதியையே தந்து நின்றுவிடும். உண்மையான கல்வி இந்த இடத்திலேதான் தொடங்குகிறது. இறக்கை சிறியதானதால் அதன்மீது காற்று ஓடும் விதமே மாறிவிட்டதா, சுரங்கத்தின் சுவர்கள் அளவைக் கெடுத்தனவா, தாங்கியின் உராய்வு தின்றுவிட்டதா என்று அவன் ஆராயப் புகுந்தால் அந்த ஒரு பிற்பகல் பத்துப் பாடங்களுக்கு ஈடாகும். அதை விடுத்து, புத்தகத்து எண் வரவில்லையே என்று அஞ்சி, முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எண்களைத் திருத்திக்கொள்வதும், அப்படித் திருத்திய நோட்டுக்கே முழு மதிப்பெண் கிடைப்பதும், பொய் சொல்லப் பயிற்றுவிப்பதன்றி வேறில்லை.

மின்னியல் துறைகளில், காற்றுக்குப் பிரதியாக ஒரு டி.சி. மோட்டாரை வைத்து ஜெனரேட்டரைச் சுழற்றிக் காட்டும் முறை உண்டு. மின்பகுதியைக் கற்க அது மிகவும் உபயோகமானது. கணினி மாதிரிகளும் அவ்வாறே. ஆனால் திசை மாறி, வேகம் மாறி, கணத்துக்குக் கணம் குமுறும் காற்றின் சுபாவத்தை மோட்டார் தானாக அறியாது. நாம் எழுதிக்கொடுத்ததையே அது நமக்குத் திருப்பித் தரும்.

டென்மார்க் தேசத்தில் ஆஸ்கோவ் என்னும் சிற்றூரின் மக்கள் கல்விச்சாலையில் கணிதமும் பௌதிகமும் போதித்துவந்த பௌல் லா கூர், 1891-இல் பள்ளியின் அருகேயே ஒரு சோதனைக் காற்றாலையை எழுப்பி, பின்னர் குழாய்களின் வழியே காற்றைச் செலுத்தி மாதிரி இறக்கைகளை ஆராய்ந்து, மெதுவாகச் சுழலும் பல இறக்கைகளைவிட விரைந்து சுழலும் சில இறக்கைகளே மேலானவை என்று கண்டார். கிராமத்து இளைஞர்களுக்கு அவர் நடத்திய மின் பயிற்சி வகுப்பில் 1904-இல் சேர்ந்த யொஹானஸ் யூல் என்பவரே, அரை நூற்றாண்டு கழித்து 1957-இல் கெட்ஸர் என்னுமிடத்தில் மூன்று இறக்கைகளுடைய 200 கிலோவாட் காற்றாலையை இயக்கி, பிற்காலத்து டேனிஷ் யந்திரங்களுக்கெல்லாம் மூல வடிவத்தை அளித்தவர். தமிழகத்தில் தொடக்க காலத்தில் நிறுவப்பட்ட டேனிஷ் காற்றாலைகளும் அந்த மரபில் வந்தவையே. ஒரு பள்ளியின் செய்முறை வகுப்பு இவ்வளவு தூரம் பயன் தந்திருக்கிறது.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நம் நாட்டில் இப்போது அதற்கு ஒரு வழி தானாகவே திறந்திருக்கிறது. ஆயுள் முடிந்த சிறு காற்றாலைகளை அகற்றி அவ்விடத்தில் பெரியவற்றை நிறுவுவதற்கென்றே 2024-இல் தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. அவ்வாறு இறக்கப்படும் 225, 250 கிலோவாட் யந்திரங்களின் கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், திசைதிருப்பும் பற்சக்கரம், இறக்கையின் ஒரு துண்டு ஆகியவை ஓடாவிட்டாலும் கல்லூரிக்கு அருமையான பாடப்பொருள்கள். தேய்ந்த பல்லையும் வெடித்த இறக்கையையும் கையால் தடவிப் பார்ப்பதைப்போல் பழுதின் காரணத்தைப் போதிப்பது வேறொன்றில்லை. பள்ளிக்கரணையில் தேசியக் காற்றுசக்தி நிறுவனமும், கயத்தாற்றில் அதன் சோதனை நிலையமும் இருக்கையில் ஆலோசனைக்கும் குறைவில்லை.

ஆகவே, பழைய இரும்பு விலைக்கு இவை போய்விடுமுன்னர், காற்றாலை உரிமையாளர்கள் ஆளுக்கொரு யந்திரத்தையேனும் அருகிலுள்ள பொறியியல் கல்லூரிக்கு அளிக்க வேண்டும். அதை ஏற்று நிறுவ இடமும் ஆளும் பல்கலைக்கழகங்கள் ஒதுக்க வேண்டும். எண் சரியாக வந்ததா என்பதற்கன்றி, வந்த எண்ணை மாணவன் உள்ளபடி எழுதி அதன் காரணத்தைச் சொன்னானா என்பதற்கே செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வழங்க வேண்டும்.