விமான வாலும் கம்ப்யூட்டர் கணக்கும்

1930-ம் வருஷம் ஜூலை 21-ந் தேதி, பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்குப் பறந்து கொண்டிருந்த ஜங்கர்ஸ் விமானமொன்று, கெண்ட் ஜில்லாவின் மியோபம் கிராமத்துக்கு மேலே ஆகாயத்திலேயே சிதறி விழுந்தது. அதிலிருந்த அறுவரும் மாண்டனர். சிறகின்மேல் கலைந்த காற்று பின்னே சென்று வாலை உலுக்கி முறித்ததே காரணமென்று பிரிட்டிஷ் நிபுணர்கள் முடிவு கூறினார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் இத்தொல்லை தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவின் எப்-18 போர் விமானம் மூக்கை வெகுவாக உயர்த்திப் பறக்கையில், சிறகுகளின் முன் நீட்சிகளிலிருந்து இரு பெருஞ் சுழல்கள் எழுகின்றன. விமானத்தைத் தூக்கிப் பிடிக்க உதவும் இச்சுழல்களே, வாலை அடையுமுன் உடைந்து கலங்கி, இரு செங்குத்து வால்களையும் ஓயாது அறைகின்றன. வால்கள் வினாடிக்குச் சுமார் 15 முறை ஆடுகின்றன. நாளடைவில் உலோகம் களைத்து விரிசல் காண்கிறது. நீட்சிகளின்மேல் சிறு தகடுகளை நிறுத்தி 1980-களில் ஓரளவு பரிகாரம் தேடினர்.

இவ்விஷயத்தில் கம்ப்யூட்டர் செய்யும் ஊழியம் பெரிது. விமானத்தைச் சூழ்ந்த காற்றை லட்சக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, அதன் ஓட்டத்தை நொடியின் சிறு பின்னங்கள்தோறும் அது கணக்கிடுகிறது. காற்று வாலை வளைக்கிறது. வளைந்த வால் காற்றின் போக்கை மாற்றுகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விமானி எவரையும் அபாயத்துக்கு உள்ளாக்காமல் வாலின் கதியை முன்கூட்டி அறிய இதனால் வழி பிறந்திருக்கிறது.

ஆயினும், கணக்கு வந்துவிட்டது, இனிச் செலவு மிகுந்த பரிக்ஷைகள் எதற்கு என்ற வாதத்தை நாம் ஒப்புவதற்கில்லை. கலங்கிய காற்றின் நுண்ணிய அசைவுகள் அனைத்தையும் எந்தக் கம்ப்யூட்டரும் பின்பற்ற இயலாது. பலவற்றை உத்தேசமாகவே கொள்கிறது. சுழல் உடையும் இடத்தைக் கணக்கு சற்றுத் தவறிக் காட்டினாலும், வால் தாங்கும் பாரத்தைப் பற்றிய முடிவும் பிழையாகிவிடும். அதனாலன்றோ அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம், 1993-ல், முழு எப்-18 விமானத்தையே கலிபோர்னியாவிலுள்ள 80 அடி உயரமும் 120 அடி அகலமுமுள்ள காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பரிசோதித்தது? அதே சுரங்கம் 2003-ல் செலவைக் குறைக்கும் பொருட்டு மூடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்க விமானப்படை அதைக் குத்தகைக்கு எடுத்து மீண்டும் இயக்க நேர்ந்தது. சிக்கனத்தின் பெயரால் செய்த தவற்றுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

எப்-18 விமானங்களை விலைக்கு வாங்கிய கானடாவும் ஆஸ்திரேலியாவும் காட்டிய வழி கவனிக்கத் தக்கது. விற்றவர் சொன்ன ஆயுளை அப்படியே நம்பியிராமல், பரிக்ஷையை இரு தேசங்களும் பங்கிட்டுக் கொண்டன. மெல்போர்னில் விமானத்தின் பின்பாகத்தையும் வாலையும், பறக்கையில் நேரும் அதிர்ச்சிகளைப் போலவே உலுக்கிச் சோதித்தார்கள்.

கணக்கு நமக்கு நல்ல துணை. அது சொல்லும் பதிலை உரைத்துப் பார்க்க உரைகல்லும் வேண்டும். காற்றுச் சுரங்கத்தையும் சோதனைச் சாலையையும் வீண் செலவென்று கருதும் தேசம், அந்தச் செலவைப் பின்னால் விமானிகளின் உயிரால் கொடுக்க நேரிடும் என்று எச்சரிப்பது நமது கடமை.