கரையில் நின்று முழங்கினால் போதுமா?



சென்ற மாதம் நம் மன்றக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் பூம்புகாரைப் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றினார். நல்ல தமிழ், கணீரென்ற குரல். கைதட்டல் ஓயச் சிறிது நேரமாயிற்று. நானும் தட்டியவன்தான். ஆயினும் விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கடல் கொண்ட நகரம், கடல் கொண்ட நகரம் என்கிறோமே, அக்கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர் நம்மில் யார்? உடன் வந்தவரைக் கேட்டேன். "திருப்பதியில் இருக்கும் நமக்குத் தெரிந்த மூழ்கலெல்லாம் திருமலைப் புஷ்கரிணியில் போடும் மூன்று முழுக்குத்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறங்கிப் பார்த்தவர் இல்லாமலில்லை. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகார்க் கடலில் பல ஆண்டுகள் மூழ்கித் தேடினர். 1991இல், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் போல் வளைந்த அமைப்பொன்றைக் கண்டனர். அது மனிதன் எழுப்பியதா, இயற்கையாய் அமைந்ததா என்பது இன்றும் முடிவாகவில்லை. கடல் மட்டம் உயர்ந்ததை மட்டும் கொண்டு கணக்கிட்டால், அவ்வளவு ஆழத்தில் உள்ள இடம் நிலமாய் இருந்தது சங்க காலத்திற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்பு. இதைக் கேட்டவுடன் நம்மவர் சிலர் "பார்த்தீர்களா!" என்று துள்ளுகின்றனர், வேறு சிலர் "எல்லாம் கட்டுக்கதை" என்று உதட்டைப் பிதுக்குகின்றனர். இரு சாராரும் நீரில் கால் நனைக்காதவர்கள்.

அதே கடலில் 19 மீட்டர் ஆழத்தில் உடைந்த கப்பலொன்றும் கிடக்கிறது. அதிலிருந்து ஈயக் கட்டிகள் எடுக்கப்பட்டன. அவற்றின்மேல் இங்கிலாந்து வணிகர் பெயரும், 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. தரங்கம்பாடி அருகில்தானே இருக்கிறது. டேனியர் கப்பலாகலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நம் மேடைகளில் இந்தக் கப்பலைப் பற்றி ஒரு சொல் நான் கேட்டதில்லை. அது சோழர் கப்பல் அன்று என்பதால் போலும்!

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, மாணவனுக்கு என்ன வந்தது?" என்பீர்கள். மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலின் கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் கப்பல் அது. 1545இல் போர்ட்ஸ்மவுத் நகருக்கு எதிரே மூழ்கியது. 1965இல் அதைத் தேடப் புறப்பட்டவர்கள் அரசாங்கத்தார் அல்லர். எழுத்தாளர் ஒருவரும், ஓய்வு நாளில் மூழ்கும் சங்கத்தைச் சேர்ந்த சில அன்பர்களுமே. உடலை விறைக்கச் செய்யும் குளிர் நீர், நீட்டிய கை தெரியாத கலங்கல். ஆறு ஆண்டுகள் தேடி 1971இல் கண்டனர். பின்னர் ஐந்நூறுக்கு மேற்பட்ட தொண்டர்கள் 28,000 முறை அளவில் மூழ்கி உழைத்தனர். 1982இல் கப்பல் மேலே வந்தது.

அங்கே மரம் பிழைத்ததற்குக் காரணம் சேறு. கப்பலின் ஒரு பக்கம் சேற்றில் புதைந்தது. காற்று புகவில்லை, மரத்தைத் துளைக்கும் கடற்புழுவும் புகவில்லை. பால்டிக் கடலிலோ உப்புக் குறைவு. அங்கு அப்புழு வாழாது. 1628இல் மூழ்கிய வாசா என்ற சுவீடன் கப்பல், 1961இல் ஏறக்குறைய முழுதாகவே எடுக்கப்பட்டது. நம் கடல் வெதுவெதுப்பானது, உப்பு மிகுந்தது. மண் மூடாத மரத்தைச் சில ஆண்டுகளில் புழு தின்று தீர்க்கும். நமக்கு எஞ்சுவன கல், ஈயம், மட்கலம், நங்கூரம். அவற்றையும் இழுவலை புரட்டிப் போட்டுவிட்டால் எது எங்கே கிடந்தது என்று சொல்ல ஒருவராலும் ஆகாது. ஆகவே குளிர்நாட்டாரைவிட நமக்கே அவசரம் அதிகம்.

இலங்கையில், அம்பாந்தோட்டைக்கு அருகில் கொடவாயக் கடலில், ஈராயிரம் ஆண்டுப் பழமையான கப்பல் கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலில் இதுவரை கண்டறிந்த கப்பல்களில் அதுவே பழமையானது. கண்ணாடிக் கட்டிகள், அரைகற்கள், மட்கலங்கள் அதில் உள்ளன. 2003இல் அதைக் கண்டவர் பேராசிரியர் அல்லர். சங்கெடுக்க மூழ்கிய மீனவர் இருவர்.

இதைப் படித்தபோது என் பாட்டனார் நினைவு வந்தது. அவர் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961இலும் இறங்கியவர். காலில் கல், இடுப்பில் பை, நெஞ்சில் அடக்கிய மூச்சு; வேறு கருவி கிடையாது. கடலடிப் பாறையை அவர் 'பார்' என்பார். பார்களுக்கெல்லாம் அவரிடம் பெயர் உண்டு. என் தந்தையார் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை வேலைக்காகச் சித்தூர் வந்து சேர்ந்தார். கடல் எங்கள் வீட்டை விட்டுப் போயிற்று. பாட்டனார் செய்தது கூலி வேலையாம். அதையே ரப்பர் உடுப்போடு வெள்ளைக்காரன் செய்தால் விளையாட்டாம். பட்டணத்துச் செல்வர் செய்தால் பொழுதுபோக்காம். கல்வி என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. என் குறை அதுதான்.

ஈராண்டு டியூஷன் சொல்லிச் சேர்த்த பணத்தில் சென்ற கோடையில் நான் ஸ்கூபா பயின்றேன். வகுப்பில் மனப்பாடம் செய்த பாயில் விதியை அன்றுதான் என் நுரையீரல் கற்றது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நிரப்பிய மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அக்காற்று இரட்டிப்பாகும், நுரையீரல் கிழியும். ஆகவே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது பாடம். பாட்டனாருக்கு மூச்சடக்குவதே தொழில். அவர் மேலிருந்து கொண்டுபோன மூச்சு மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும். சிலிண்டரிலிருந்து ஆழத்தில் மூச்செடுக்கும் பேரனுக்கு அது எமன். இன்னொன்றும் கற்றேன்: கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. மன்னார் வளைகுடாப் பவளத்தைத் தொடலாகாது. உடைந்த கப்பலிலிருந்து ஓட்டுச் சில்லையும் நினைவுப் பொருளாக எடுக்கலாகாது. இடம் மாறிய சில்லு ஊமையாகிவிடும்.

மலையடிவாரத்தில் இருப்பவனுக்குக் கடல் எதற்கு என்று கேட்காதீர். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடைத்துவிட்டது. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி நம் மாவட்டம். துகராஜபட்டினமும் நம் மாவட்டம். ஆங்கிலேயர் 1620களில் ஆர்மகான் என்று பண்டகசாலை வைத்த இடம் அது. சென்னைப் பட்டினத்திற்கு 1639இல் இடம் பிடித்த பிரான்சிஸ் டே அங்கிருந்து போனவர்தான். அதற்கெதிரே கடலுக்குள் கப்பலோட்டிகள் அஞ்சிய மணல்திட்டு இருக்கிறது.

மன்றத்தாரை நான் கேட்பது சிறிது. ஆண்டு விழா வளைவுக்கும் சுவரொட்டிக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு இருவரை மூழ்கப் பயிற்றுங்கள். ஒருவர் விஞ்ஞான மாணவர், மற்றவர் வரலாற்று மாணவர். வளைவு சிறுத்தால் தமிழ் சிறுத்துவிடாது.

என் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான் செல்லும். லாட வடிவம் 23இல் இருக்கிறது. அங்கே அனுமதியும் ஆய்வாளர் துணையும் இன்றி இறங்கலாகாது என்பதும் தெரியும். ஆயினும் 30 மீட்டருக்கான அடுத்த பயிற்சிக்கு வரும் விடுமுறையில் போகிறேன். தனியே மூழ்கக் கூடாது என்பது இத்துறையின் விதி. உடன் வர விரும்புவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.